ஜியோகாடி வைனல்: இழுப்பது தட்டா, பாட்டா?

எங்கள் வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் சில வருடங்களாக அடிக்கடி ஏறுகிற வைனல் தட்டு, போர்ட்ஸ் ஆஃப் கனடா என்ற எலக்ட்ரானிக் இசைக் குழுவின் 'ஜியோகாடி'. மைக் சாண்டிசன், மார்க்கஸ் ஓவன் என்ற ஸ்காட்லாந்து சகோதரர்களின் இரண்டாவது ஆல்பம். வார்ப் இசை நிறுவனம் 2002 பிப்ரவரியில் வெளியிட்டது. என்னிடம் இருப்பது 2013 மறுபதிப்பு. மூன்று தட்டுகள், ஆறு பக்கங்கள். அதில் பாட்டு இருப்பது ஐந்தில்தான்.

வந்த புதிதில் ஓடவிட்டபோது சமையலறையிலிருந்து மனைவி கேட்டது: "என்னங்க, இழுக்குதே, பெல்ட் போயிடுச்சா?" நியாயமான கேள்வி. பழைய கேசட்டில் டேப் இழுக்குமே, அப்படித்தான் இதில் சுருதி ஏறி இறங்கும். வேண்டுமென்றே செய்தது. கனடாவின் நேஷனல் ஃபிலிம் போர்டு எடுத்த ஆவணப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தச் சகோதரர்கள். குழுவின் பெயரே அங்கிருந்து வந்ததுதான். அந்தப் படச்சுருள்களின் தேய்ந்த ஒலிதான் இவர்களுக்குப் பிடித்த ஒலி. அதனால் இந்தத் தட்டைப் பற்றி "சுருதி ஆடுகிறது", "பின்னால் ஏதோ இரைகிறது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். குறை தட்டிலா, இசையிலேயே உள்ளதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிப்பது சுலபம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. நடுத்துளை விலகியிருந்தால் சுருதியும் அதே கணக்கில், தவறாமல் ஆடும். டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) இடமும் வலமும் அசைவது கண்ணுக்கே தெரியும். ஆர்ம் நிதானமாகப் போக, சுருதி மட்டும் தன் இஷ்டத்துக்கு அலைந்தால் அது அவர்கள் செய்த வேலை. 'டைவிங் ஸ்டேஷன்' பாட்டு ஓடும்போது ஆர்மைக் கவனியுங்கள்.

ஒலி எனக்குத் திருப்தி. டிஜிட்டலில் மொத்தம் 66 நிமிடம் 6 வினாடி. கடைசியில் வரும் மௌனம் போக மீதி ஐந்து பக்கங்களில் பரவும்போது பக்கத்துக்கு சராசரியாக 13 நிமிடம்கூட வராது. ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டியதில்லை என்பதால் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) தாராளமாக வருகிறது. 'சன்ஷைன் ரெக்கார்டர்' ஒன்றே போதும் சாட்சிக்கு. அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்றால், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து திருப்பிப் போட வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்கவும்.

கேட்பவர்கள் இந்த ஆல்பத்தில் இரண்டாகப் பிரிகிறார்கள். 1998இல் வந்த முதல் ஆல்பத்தின் இதம் இதில் இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது என்பது ஒரு கட்சி. 23 தலைப்புகளில் பல ஓரிரு நிமிடமே ஓடுபவை, உண்மைதான். எனக்கோ அந்தத் துண்டுகள்தான் ஆல்பமே. நடிகர் லெஸ்லி நீல்சனின் குரல் கடலடி எரிமலையை விவரிக்கும் 'டான்டிலயன்', குழந்தைக் குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே போகும் 'ஜைரோஸ்கோப்' இரண்டையும் போனில் நான் தாண்டிவிடுவேன். வைனலில் ஊசியைத் தூக்க சோம்பல், அப்படியே கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போனது. 'தி டெவில் இஸ் இன் தி டீடெயில்ஸ்' மட்டும் இன்னும் பழகவில்லை. மெல்லிய குரல் ஒன்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் குழந்தை அழுகிறது. விருந்தாளி இருக்கும்போது அந்தப் பக்கத்தைப் போடுவதில்லை.

சில இடங்களில் குரல்கள் தலைகீழாக ஓடுகின்றன. அதைக் கண்டுபிடிக்கத் தட்டைக் கையால் பின்னோக்கிச் சுழற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம், ஊசிக்குக் கேடு. கம்ப்யூட்டரில் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒலி மட்டும் போதும் என்பவர்களுக்கு சிடியே தாராளம். கடைசியில் வரும் 'மேஜிக் விண்டோ' என்ற மௌனமும் அதில் அப்படியே இருக்கிறது. வைனலில் ஆறாவது பக்கத்தில் பள்ளமே கிடையாது, ஒரு குடும்பத்தின் உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். பழைய பிரதி வாங்குபவர்கள் அந்தப் பக்கத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தெரியாமல் யாராவது ஊசியை இறக்கியிருந்தால் படத்தின் மேல் கோடு விழுந்திருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.