உறைமண் உருகும் கரிச்சதுப்பு: மேடா, பள்ளமா?

கரிச்சதுப்பு என்பது முழுதும் மக்காத தாவர எச்சம் படிந்த சதுப்பு. அதன் அடியில் ஆண்டு முழுதும் உறைந்திருக்கும் உறைமண் உருகும்போது, புவி வெப்பத்துக்கு அதிகக் கவலை தருவது உலர்ந்த மேடா, நீர் தேங்கிய பள்ளமா? சுவீடனில் அபிஸ்கோ அருகே ஸ்டோர்டாலன் சதுப்பில் இரண்டும் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன.

உறைமண் தாங்கும் மேட்டில் மேற்பரப்பு உலர்ந்திருக்கும். சத்து மழையோடு வருவது மட்டுமே. கார்பன் டையாக்சைடு கசியும், மீத்தேன் அநேகமாக இல்லை.

உறைமண்ணின் பனிக்கட்டி உருகி மேடு அமிழ்ந்தால் நீர் தேங்கும், ஆக்சிஜன் நுழையாது, மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். அங்கே முளைக்கும் பஞ்சுக்கோரையைத்தான் கவனிக்க வேண்டும். அதன் காற்றறைத் திசு, மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்களிடம் சிக்கவிடாமல் வாயுவை வேரிலிருந்து நேரே வெளியே விடுகிறது. அடியில் உருகி விடுபடும் அம்மோனியம் என்ற நைட்ரஜன் சத்தோ, இந்தக் கோரை போன்ற ஆழவேர்ச் செடிகளுக்கே எட்டும். கோரை செழித்து அதிகக் கார்பனை உள்வாங்குவது உண்மை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன், அதே எடை கார்பன் டையாக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். பள்ளமே எனக்குப் பெருங்கவலை.

பள்ளத்தில் வாயுவை அளக்கும்போது, பலகைப்பாதையில் நின்றே மூடுகலத்தை (தரையிலிருந்து வரும் வாயுவைப் பிடிக்கும் கலத்தை) வையுங்கள். கால் அழுத்தினால் குமிழ்கள் கிளம்பி, அளவு பொய்யாகக் கூடிவிடும்.