கூடுதல் பதினெட்டாயிரம்: ஈசே நாள் தேறுமா?

போன நவம்பரில் ஜப்பான் போய்விட்டு வந்ததிலிருந்து தாராவியில் எதிர்ப்படுகிற ஆளெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, அந்த ஈசேக்குன்னு தனியா 18,000 கேக்கானே, குடுக்கலாமா?" ஒவ்வொருத்தருக்காகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிப் போட்டுவிடுகிறேன். ஈசே என்பது ஜப்பானில் சூரிய தெய்வத்தின் பெரிய கோயில் இருக்கிற ஊர். அங்கே ஒரு நாள் கூட்டிப்போகத்தான் டூர் கம்பெனி அந்த 18,000 ரூபாயைக் கூடுதலாகக் கேட்கிறது. டூர் கம்பெனியின் பெயர் வேண்டாம். ஆபீஸ் மாதுங்கா பக்கம், காபி நன்றாகக் கொடுப்பார்கள், அவ்வளவு போதும்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லாவிட்டால் மீதி புரியாது. தொண்ணூறடி ரோட்டில் எனக்கு மரப்பட்டறை. நிலை, கதவு, பூஜை மண்டபம் செய்கிறோம். தாத்தா அம்பாசமுத்திரத்திலிருந்து உளிப்பையோடு வந்தவர். அதனால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் என் கண் முதலில் சாமியைத் தேடாது, விட்டம் எங்கே தூணில் உட்காருகிறது என்றுதான் பார்க்கும். வீட்டுக்காரி அதற்காக முப்பது வருடமாகத் திட்டுகிறாள்.

எட்டு நாள் பேக்கேஜ் சுமார்தான். டோக்கியோவில் மெய்ஜி கோயிலுக்கு நாற்பது நிமிஷம். 1920-ல் கட்டியது, போரில் குண்டு விழுந்து எரிந்து 1958-ல் திரும்ப எழுப்பியது. சுற்றியிருக்கிற காடு ஜனங்கள் கொடுத்த ஒரு லட்சம் மரத்தில் உண்டானது. கோயிலைவிட அந்தக் காடுதான் மனதில் நிற்கிறது. கியோத்தோவில் ஃபுஷிமி இனாரி. நெல்லுக்கான சாமி, நரிதான் தூதுவர், மலை முழுக்கச் சிவப்பு டோரீ வாசல்கள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பார்த்தால் ஒவ்வொரு காலிலும் கொடுத்தவர் பெயர், தேதி. டியூப் லைட்டில் 'உபயம்' எழுதுகிற நம்ம ஆட்களை இனிமேல் கிண்டல் செய்ய மாட்டேன். சில கால்கள் அடியில் உளுத்திருந்தன. விரலால் தட்டிப் பார்த்தேன், கைடு முறைத்தான்.

மியாஜிமா தீவில் கடலுக்குள் நிற்கிற டோரீயைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 16 மீட்டர் உயரம், இப்போது இருப்பது 1875-ல் நிறுத்தியது. பெருந்தூண் இரண்டும் கற்பூர மரம். மண்ணில் புதைக்கவே இல்லை! மேல் விட்டத்தைக் கூடாகச் செய்து உள்ளே ஏழு டன் அளவுக்குக் கல்லை அடைத்திருக்கிறார்கள், தன் பாரத்திலேயே நிற்கிறது. இதைச் சொல்ல வேண்டிய கைடு எல்லோரையும் செல்ஃபிக்கு வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். தமிழ் தெரிந்த கைடு என்று ஆபீஸில் சொன்னார்கள், வந்த பையனுக்கு "வணக்கம்" மட்டும்தான் வந்தது. அவனுக்கு எல்லாமே "டெம்பிள்". ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் கோயில் ஜிஞ்ஜா, புத்தர் கோயில் தேரா, இரண்டும் வேறு என்பதே எட்டு நாளும் அவன் வாயில் வரவில்லை.

ஈசேயில்தான் விடிந்தது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஊர்க்கார அம்மா ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். எழுபது வயதிருக்கும், எனக்கே புரிகிற மெதுவான ஆங்கிலம். 18,000-ல் பத்தாயிரம் அவருக்கே தகும். 1868 வரைக்கும் புத்தரும் இவர்களுடைய காமி சாமிகளும் ஒரே வளாகத்தில்தான் குடியிருந்தார்களாம். மெய்ஜி அரசாங்கம்தான் உத்தரவு போட்டுப் பிரித்தது. மியாஜிமாவில் பென்சைதென் என்ற பெயரில் இருந்த நம் சரஸ்வதி, அந்தப் பிரிவினையில் பக்கத்துப் புத்தர் கோயிலுக்குக் குடிமாற வேண்டியதாயிற்று. முந்தின நாள் அந்த வாசல் வழியாகத்தான் நடந்திருக்கிறோம். கைடு பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கியோத்தோவிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். இறங்கியதும் இசுசு ஆற்றின் மேல் நூறு மீட்டர் நீள மரப்பாலம், இரண்டு முனையிலும் டோரீ. எங்கள் கூட்டத்தில் செம்பூர்க்காரர் ஒருவர் தயங்கி நின்றார். அவருடைய அண்ணன் இறந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. "தீட்டு இருக்கு, போகலாமான்னு அந்த அம்மாட்ட கேளுங்க" என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த அம்மா அவரைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு, எங்களுக்கும் அப்படித்தான், வீட்டில் சாவு நடந்தால் ஐம்பது நாள் டோரீயைத் தாண்ட மாட்டோம், சாவுச் சடங்கைப் புத்தர் கோயிலில் செய்வோம் என்றார். செம்பூர்க்காரர் பாலத்துக்கு இந்தப் பக்கமே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணம் போச்சே என்ற வருத்தம் முகத்தில் இல்லை.

இனி முக்கியமான விஷயம். உள்கோயிலான நாய்கூவில் இருப்பவள் அமதெராசு, சூரிய தெய்வம், அரச பரம்பரைக்கே மூதாதை. அவளுக்கு அடையாளம் ஒரு கண்ணாடி, அதை யாரும் பார்க்க முடியாது. கோயிலையும் பார்க்க முடியாது. நாலு சுற்று மரவேலி, வாசலில் வெள்ளைத் திரை, கல்படிக்கு மேலே போட்டோ கூடாது. திரைக்கு முன் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்தால் முடிந்தது. "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று முலுண்ட் மாமி வாய்விட்டே கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பார்ப்பதற்காகப் போனால் பதினெட்டாயிரமும் தண்டம்.

ஆனால் அந்த அம்மா எங்களை அங்கேயிருந்து அரமாட்சுரி நோ மியா என்ற சின்னச் சன்னதிக்குக் கூட்டிப் போனார். அதே அமதெராசுவின் வேகமான வடிவம், நாம் உக்கிரம் என்போமே, அது. இங்கே கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நான் பார்த்தேன். ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரம், சாயம் இல்லை, மெருகு இல்லை. தூணுக்கு அடியில் கல் கிடையாது, நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. நம்மூரில் இப்படி நட்டால் இரண்டு மழைக்குள் கரையான் கணக்கை முடித்துவிடும். கூரை புல் வேய்ந்தது. இவ்வளவு நேர்த்தியான இழைப்பு வேலைக்கு இவ்வளவு சீக்கிரம் மக்கிப்போகிற அஸ்திவாரமா என்று எனக்கு எரிச்சலே வந்தது.

பக்கத்தில் அதே அளவில் ஒரு காலி மனை. கூழாங்கல் பரப்பி நடுவில் ஒரு சின்ன மரக்கூண்டு. "அடுத்த கோயில் அங்கே" என்றார் அந்த அம்மா.

இருபது வருடத்துக்கு ஒரு தடவை காலி மனையில் அச்சு அசலாகப் புதுக் கோயில் கட்டி, ராத்திரி இருட்டில் சாமியை அங்கே எழுந்தருளச் செய்துவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். முதல் தடவை 690-ல், ஜிதோ என்ற பேரரசி காலத்தில். கடைசியாக 2013-ல் 62-ஆவது. அடுத்தது 2033, அதற்கான முதல் பூஜையை 2025-லேயே போட்டுவிட்டார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் மரம் வேண்டும். ஆயிரம் வருடமாக அறுபடாத வழக்கம் என்று பையன் பஸ்ஸில் அளந்தான். அப்படியில்லை, உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூற்றிருபது வருடத்துக்கு மேல் நின்றுபோயிருக்கிறது. அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

நமக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம். பாலாலயம் செய்து சாமியைத் தற்காலிகமாக மாற்றி வைப்போம், திருப்பணி முடிந்ததும் பழைய கல்லுக்கே திரும்பக் கொண்டுவருவோம். இவர்கள் திரும்புவதே இல்லை. ஏன் இருபது வருடம் என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றியது பட்டறைக் கணக்கு. இருபது வயதில் எடுபிடியாக வருகிறவன், நாற்பதில் மேஸ்திரி, அறுபதில் தப்பைச் சொல்லிக் கொடுக்கிற கிழவன். என் பட்டறையில் இன்றைக்குக் கழுந்து (மர மூட்டுக்கான முனை) வெட்டத் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருக்கிறான், அவனுக்கு ஐம்பத்தி மூன்று.

பிரித்த மரமும் வீணாவதில்லை. முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள்தான் பாலத்து முனை டோரீகளாக நிற்கின்றன. வரும்போது தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு போனதை, திரும்பும்போது கையால் தொட்டுவிட்டு வந்தேன்.

இப்போது குறைகள். முறைப்படி வெளிக்கோயிலான கெகூவை முதலில் கும்பிட வேண்டும். அது தொயோஉகே என்ற அன்னம் படைக்கிற தெய்வத்தின் கோயில். பிறகுதான் நாய்கூ. "டைம் இல்ல சார்" என்று பையன் கெகூவையே விட்டுவிட்டான். நாய்கூவுக்குக் கொடுத்தது ஒன்றேகால் மணி நேரம். ஆனால் கடைத்தெருவுக்கு இரண்டு மணி நேரம்! அங்கே 1707-லிருந்து நடக்கிற அகஃபுகு கடையில் பயற்றுப் பூரணம் பூசிய மோச்சி என்ற அரிசி மாவு உருண்டை சாப்பிடுங்கள், கொழுக்கட்டையைப் புரட்டிப் போட்டது மாதிரி இருக்கும். கம்பெனி கொடுத்த மதியச் சாப்பாடு காய்ந்த தேப்லா (குஜராத்தி ரொட்டி), அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

முழு டூருக்கு ஐந்துக்கு மூன்று. ஈசே நாளுக்கு நான்கு, கெகூவை விட்டதற்காக ஒன்று வெட்டு. பணம் கட்டுகிறவர்கள் ரசீதிலேயே 'கெகூ, பிறகு நாய்கூ, மொத்தம் நாலு மணி நேரம்' என்று எழுதி வாங்குங்கள். உள்ளூர் கைடு உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் 18,000-ஐ வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.