மூன்று வருஷ டோஸிங் பம்ப்பும் இரண்டு தொளதொளத்த குழாய்களும்

"டோஸிங் பம்ப் விலை இறங்கியிருக்கே, வாங்கலாமாண்ணே?" என்று சிங்கப்பூர் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டான். பவளத் தொட்டிக்கு வேண்டிய கரைசலைத் தானாக அளந்து விடும் கருவி அது. போன சனிக்கிழமைதான் என்னிடம் இருக்கும் அதே பம்ப்பைப் பிரித்துப்போட்டுக் குழாய் மாற்றினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் 200 லிட்டர் டேங்க், பெரும்பாலும் அக்ரோபோரா, மாண்டிபோரா என்கிற பவளங்கள். பவளம் எலும்பு கட்டக் கால்சியம் வேண்டுமே, முதலில் சுண்ணாம்புத் தெளிநீர்தான் விட்டேன். ஆச்சி வெற்றிலையில் தடவுமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. (அந்த டப்பாவையே டேங்கில் கவிழ்த்துவிடாதீர்கள்.) ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகத்தான் அதை விட முடியும், பவளம் வளர வளரப் போதவில்லை.

அப்புறம்தான் பம்ப். அதன் ஒரு தலையில் கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் ஆல்கலினிட்டிக்கு (எலும்பு கட்ட வேண்டிய கார்பனேட் சத்து) சோடியம் கார்பனேட். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து வீணாகும். பம்ப் அரை மணி இடைவெளி விட்டு, நாள் அளவைத் துளித்துளியாகப் பிரித்து விடும். திருச்சியில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். டேங்க் விட்டுப்போன மாதிரியே இருந்தது. சத்தமும் கிடையாது. பொய் சொல்லக் கூடாது, அருமையான சாமான்.

ஆனால் அந்தக் குழாய்! உருளை அதை நசுக்கி நசுக்கித்தான் திரவத்தைத் தள்ளுகிறது. நாளாக ஆக ரப்பர் தொளதொளத்துப் போகும். திரையில் 30 மில்லி என்று காட்டும். அளவுக் குவளையில் பிடித்தால் 22. எச்சரிக்கை மணி ஒன்றும் அடிக்காது.

என் முட்டாள்தனமும் சேர்ந்துகொண்டது. வாராவாரம் கால்சியம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். 420 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) 405-க்கு இறங்கியது. 400-க்கு மேல்தானே என்று நிம்மதியாக இருந்தேன்; டெஸ்ட் கிட்டே அவ்வளவு முன்னேபின்னே காட்டும். பவளம் எலும்பு கட்டும்போது 20 பிபிஎம் கால்சியத்தோடு ஆல்கலினிட்டியில் 2.8 டிகேஎச்சும் (அதை அளக்கும் அலகு) போய்விடும். கால்சியத்தில் 15 குறைந்தால் யாருக்கும் தெரியாது; அதே நேரத்தில் ஆல்கலினிட்டி 8.2-லிருந்து 6.1-க்கு விழுந்திருந்தது. ஒரு அக்ரோபோரா அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்த பிறகுதான் சோதித்தேன். 

கடையில் கேட்டால், "குழாய் தேய்மானச் சாமான், உத்தரவாதத்தில் வராது." வேறு குழாய் பொருந்தாதபடி இணைப்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு குழாய்க்கு 36 வெள்ளி. மாற்றியதும் ஒரேயடியாக ஏற்றாமல் நாளுக்கு அரை டிகேஎச் வீதம் மேலே கொண்டுவருகிறேன்.

தம்பி, இப்போதைக்கு வாங்காதே, கையாலேயே ஊற்று. அந்த அக்ரோபோரா தேறிவிட்டால் அடுத்த மாசம் திரும்பக் கேள்.