லீக் பாஸ்: பத்து நிமிடச் சுருக்கத்தில் காணாமல் போகிறவர்கள்

2022 அக்டோபரில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் லீக் பாஸ் சேவைக்குச் சந்தா கட்டினேன். எல்லா அணிகளின் ஆட்டங்களையும் காட்டும் திட்டம் ஒன்று, ஒரே அணியை மட்டும் காட்டும் திட்டம் ஒன்று. நான் எடுத்தது இரண்டாவது. அணி, ஹூஸ்டன் ராக்கெட்ஸ். முந்தைய சீசனில் 82 ஆட்டங்களில் 20 மட்டுமே ஜெயித்திருந்தார்கள். வங்கியில் பக்கத்து சீட்டில் இருப்பவர், "தோக்குறதைப் பார்க்க யாராவது காசு கட்டுவாங்களா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வருடம் 22 ஆட்டம் ஜெயித்தார்கள், 60 தோற்றார்கள்.

நான் பெரியகுளத்துக்காரன். இங்கே மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பற்றி ஆட்டம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிய காலம் முடிந்து, இப்போது சாயங்காலம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வருடம் என்னிடம் இரண்டு ஃபார்வர்டுகள் (ரிங்குக்குப் பக்கத்திலும் மூலையிலும் ஆடுகிறவர்கள்) வந்து சேர்ந்தார்கள். வடுகபட்டிப் பையன் நெட்டை. நன்றாக எறிவான், ஆனால் மேலே இடித்தால் ஒதுங்கிவிடுவான். லட்சுமிபுரத்துப் பையனுக்கு எறியவே வராது, ஆனால் ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து பத்தில் ஏழு அவன் கைக்குத்தான் வரும். இரண்டு பேரையும் சேர்த்து இறக்கினால் இடது மூலையில் ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டு நிற்பார்கள்.

அதே வருட ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் தேர்வில், ஹூஸ்டன் எடுத்த இருவரும் கிட்டத்தட்ட இதே ஜோடி. மூன்றாவது தேர்வு ஜபாரி ஸ்மித் ஜூனியர், கிட்டத்தட்ட ஏழடி, எறிகிறவன். பதினேழாவது தேர்வு டாரி ஈசன், அள்ளுகிறவன். இவர்களை அங்கே எப்படிப் பொருத்துகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றுதான் சந்தா. வெற்றி தோல்வி எனக்கு இரண்டாம் பட்சம்.

முதலில் சேவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் காலை 6.30, மற்ற மாதங்களில் 5.30. ஆபீஸ் போகிறவனுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. பால் குக்கருக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, காப்பியும் போட்டுக்கொண்டே முதல் பாதியைப் பார்த்துவிடலாம். வர்ணனை நம்மூர் அணியுடையதா எதிரணியுடையதா என்று தேர்ந்தெடுக்கலாம். (நம்மூர் அணி என்று ஹூஸ்டனைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நாலு வருடப் பழக்கம்.) எதிரணி வர்ணனையில்தான் நம் பையன்களைப் பற்றி உண்மை வரும். ஸ்கோரை மறைத்து வைக்கும் வசதியும் உண்டு. சாயங்காலம் வந்து முழு ஆட்டம் பார்ப்பவர்கள் அதை முதல் நாளே போட்டு வைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பத்து நிமிடச் சுருக்கம். நேரமில்லாதவர்களுக்கு வரப்பிரசாதம் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் மாதம் முழுக்க அதையேதான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஸ்மித் சுமாரான ஆள், ஈசன் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறான் என்று முடிவுக்கே வந்துவிட்டேன். பொங்கல் விடுமுறையில் ஒரு முழு ஆட்டம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் என் முடிவு எவ்வளவு அவசரம் என்று புரிந்தது.

சுருக்கத்தில் வருவது பந்து உள்ளே போகும் காட்சி. பந்து யார் கையில் இருக்கிறதோ அவன்தான் தெரிவான். இளம் ஃபார்வர்டு ஒருவன் 30 நிமிடம் கோர்ட்டில் நின்றால் பந்து அவன் கையில் இருப்பது இரண்டு மூன்று நிமிடம்கூட இருக்காது. மீதி நேரம் அவன் எங்கே நிற்கிறான், யாருக்கு வழிவிடுகிறான், யாரை மறிக்கிறான் என்பதில்தான் இரண்டு ஃபார்வர்டுகள் பொருந்துவதும் பொருந்தாததும் தெரியும். அதையெல்லாம் கத்தரித்துவிட்டுத்தான் பத்து நிமிடம் ஆக்குகிறார்கள்.

ஈசனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் உடையில் 17. எதிர்ப்பக்க மூலையிலிருந்து யாராவது எறிந்தால், கோர்ட்டில் இருக்கும் ஒன்பது பேரும் பந்தை அண்ணாந்து பார்ப்பார்கள். இவன் பார்க்க மாட்டான். தன்னைக் காவல் காப்பவனின் இடுப்பைத் தேடுவான். முழங்கையை மடக்கி அவன் விலாவோரம் வைத்து, எல்லைக் கோட்டுப் பக்கமாக ஒரு எட்டு வைத்து உள்ளே நுழைந்துவிடுவான். கோட்டுக்கும் அவன் ஷூவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். பந்து ரிங்கில் பட்டுத் திரும்பும்போது இரண்டு கையாலும் பிடிக்க இடம் இருக்காது. விரல் நுனியால் தட்டி விடுவான், ஒரு தடவை, இரண்டு தடவை, பந்து வெளியே நிற்கும் ஸ்மித்திடம் போகும் வரை. சுருக்கத்தில் ஸ்மித் எறிவது மட்டும் வரும். நான் பத்து நொடி பின்னால் தள்ளும் பொத்தானைத் தேய்த்தே விட்டேன்.

ஸ்மித்துக்கு அந்த முதல் வருடம் கஷ்டகாலம். எறிவான் என்று எடுத்த ஆள், மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 31ஐக்கூடத் தொடவில்லை. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்டுகளுக்கு அதை விட மனமே வராது. பத்து நொடி மூலையில் கையைத் தூக்கி நிற்பான், பந்து வரும்போது எறிவதற்கான நேரம் முடியப் போகும், அவசரமாக எறிவான். தானே பந்தைத் தட்டிக்கொண்டு போனால் இரண்டு தட்டுக்கு மேல் தாங்காது. ஆனாலும் டிஃபன்ஸில் அந்த உயரத்தோடு சின்னக் கார்டுகளைக்கூட மறித்து நின்றான். 2023 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகக் கடைசி நொடியில் மூன்று புள்ளி போட்டு ஜெயித்துக் கொடுத்தான். ஈசன் 82 ஆட்டமும் ஆடினான், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து, சராசரி 21 நிமிடம். வருடக் கடைசியில் லீக் அறிவிக்கும் சிறந்த புதுமுகங்கள் பட்டியலின் இரண்டாம் அணியில் இருவருக்கும் இடம் கிடைத்தது. 60 தோல்வி கண்ட அணியில் இது ஒன்றுதான் எனக்குச் சந்தோஷம்.

2023இல் வீடே மாறிவிட்டது. பயிற்சியாளர் இமே உடோகா வந்தார், கார்டாக ஃப்ரெட் வான்வ்லீட் வந்தார், டில்லன் புரூக்ஸ் வந்தார். ட்ராஃப்டில் நாலாவதாக ஆமென் தாம்ப்ஸன், இருபதாவதாக கேம் விட்மோர். (ஆமெனின் இரட்டைச் சகோதரன் ஆசார் அடுத்த தேர்விலேயே டெட்ராய்ட்டுக்குப் போனான்.) ஸ்மித் தன் 1ஆம் எண்ணை ஆமெனுக்கு விட்டுவிட்டு 10 எடுத்துக்கொண்டான். பெரிய விஷயமில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது.

இப்போது கணக்கு சிக்கலாகிவிட்டது. நடுவில் ஆல்பெரன் ஷெங்குன், பந்தை வாங்கி அற்புதமாகப் பாஸ் கொடுக்கும் சென்டர், அதாவது ரிங்கடியில் ஆடும் பெரிய ஆள். ஆனால் தூரத்திலிருந்து எறிகிற ஆள் இல்லை. ஆமென் காற்று மாதிரி ஓடுவான், ஆனால் அவன் எறிதலை யாரும் மதிப்பதில்லை, தள்ளி நின்றே காவல் காப்பார்கள். இந்த இருவரையும் சேர்த்து இறக்கினால் ரிங்குக்கு அடியில் சந்தைக்கடை. மூன்றாவதாக ஸ்மித் வெளியே நின்றால்தான் மூச்சு விட இடம் கிடைக்கும். இரண்டாவது வருடம் அவன் எறிதல் 36க்கு ஏறியதும், அவனை விட்டு உள்ளே போக எதிரணிக்குப் பயம் வந்தது.

2024 மார்ச்சில் ஷெங்குன் காயப்பட்டு வெளியே போனான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். உடோகா ஸ்மித்தைச் சென்டராக்கி, ஆமெனை ஸ்கிரீன் போடும் (எதிரணிக் காவல்காரனை உடம்பால் மறித்து நிற்கும்) பெரிய ஆள் மாதிரி ஆட வைத்தார். ஆமென் எறிய வேண்டியதே இல்லை. மறித்துவிட்டுத் திரும்பி ரிங்குக்கு ஓடினால் போதும். தொடர்ந்து 11 ஆட்டம் ஜெயித்தார்கள். அந்த மாதம் வங்கிக்கு மூன்று நாள் தாமதமாகப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு பையன்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு முழு ஆட்டம் போட்டுக் காட்டினேன். முதல் கால் மணி நேரம் அவர்கள் கண் பந்தோடுதான் போனது. "பந்தைப் பார்க்காதே, 10ஐ மட்டும் பார்" என்றேன். வடுகபட்டிக்காரன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், இவன் சும்மாவே நிக்கிறான்" என்றான். "அவன் சும்மா நிற்கிறதாலதான் அங்க வழி இருக்கு" என்று காட்டியதும் அமைதியானான். ஈசன் காலில் காயம்பட்டு அந்த சீசன் 22 ஆட்டம்தான் ஆடியிருந்தான். லட்சுமிபுரத்துக்காரனுக்கு அன்று காட்ட ஆள் இல்லாமல் போயிற்று.

அந்த வருடம் 41 வெற்றி, அடுத்த வருடம் 52. 2025 ஜனவரியில் ஸ்மித்தின் கை முறிந்தது, அவன் இடத்தில் ஆமென் நிரந்தரமாக ஏறிவிட்டான். திரும்பி வந்த ஸ்மித் பெஞ்சிலிருந்து இறங்கினான், முகம் சுளித்ததாக நான் பார்க்கவில்லை. ஆமென் அந்த வருடம் லீக் அறிவிக்கும் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர்கள் பட்டியலின் முதல் அணியிலேயே இடம்பிடித்தான்.

இன்டர்நெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தா மட்டும் இருந்தால் ஆகாது. 2025 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை காலை. பாஸ்டனில் ஆட்டம், 112க்கு 112, சில நொடிகள் பாக்கி, பந்து ஆமென் கையில். என் பிராட்பேண்ட் அப்போதுதான் செத்தது. போன் டேட்டாவுக்கு மாறி உள்ளே வருவதற்குள் எல்லோரும் ஆமெனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். 33 புள்ளி, வெற்றிப் புள்ளியும் அவனுடையதுதான். அன்றைக்கு அந்தப் பத்து நிமிடச் சுருக்கத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்துத் தீர்த்தேன். ஆக, அதற்கும் ஒரு பயன் உண்டு.

விட்மோர் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தில் அவனைப் போல ஜொலித்தவன் கிடையாது. உள்ளே வந்த இரண்டாவது நிமிடத்தில் எறிவான், போடுவான், குதித்துத் திணிப்பான். முழு ஆட்டத்தில் பார்த்தால், அவன் கைக்குப் போன பந்து திரும்ப வராது. 2025 கோடையில் அவனை வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே கோடையில் ஸ்மித்துக்கு ஐந்து வருடத்துக்கு 12.2 கோடி டாலர் ஒப்பந்தம். விட்மோரை விட்டது சரிதான் என்பது என் கட்சி. இருபது வயதுப் பையனுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்கலாம் என்கிறவர்களோடு சண்டை போட மாட்டேன்.

இப்போது பெரிய நட்சத்திரம் கெவின் டுராண்ட் வந்துவிட்டார், அணியைக் கட்டும் காலம் முடிந்துவிட்டது. 2025 அக்டோபரில் முதல் ஆட்டத்தில் ஆமென், டுராண்ட், ஸ்மித், ஷெங்குன், ஸ்டீவன் ஆடம்ஸ் என்று இறக்கினார்கள். ஐவரில் குட்டையானவன் ஆறடி ஏழங்குல ஆமென். ஓக்லஹோமாவிடம் இரண்டு கூடுதல் நேரம் ஆடி ஒரு புள்ளியில் தோற்றார்கள். எனக்கென்னவோ 60 தோற்ற வருடத்தைப் பார்த்த ஆர்வம் கொஞ்சம் குறைந்துதான் போயிற்று.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஜெயிக்கிற அணிக்குத்தான் கட்டுவேன் என்றால் எல்லா அணித் திட்டம் எடுங்கள். பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களாக இருந்தால், கடைசி இடத்தில் கிடக்கும் அணி ஒன்றை எடுத்து, அதில் இரண்டு இளம் ஃபார்வர்டுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முழு ஆட்டம் போதும்.

எங்கள் அணிக்குப் போன மாதம் புது உடுப்பு தைத்தோம். வடுகபட்டிக்காரன் 10 கேட்டான். லட்சுமிபுரத்துக்காரன் தையல்காரரிடம் முன்கூட்டியே போய் 17 என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.