வளவைக் கடக்க வேண்டிய படம்: லேன் கேபிளா, வைஃபையா?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் கணினியை முகப்பு அறையிலும், அவற்றைத் திரையில் காட்டும் மீடியா பிளேயரை வளவுக்கு (நடு முற்றப் பகுதிக்கு) அப்பால் இரண்டாம் கட்டிலும் வைப்பவர்கள், இரண்டையும் எதனால் இணைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

வைஃபைக்குச் செலவு குறைவு. ஆனால் தடித்த செங்கல், சுண்ணாம்புச் சுவர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவில் தளர்ந்துவிடும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் கூடுதல் தொலைவு சென்றாலும் வேகம் குறைவு. எங்கள் வீட்டில் நிலைக்கதவைச் சாத்தியதும், பதிவு செய்திருந்த கச்சேரி ஆலாபனையின் நடுவே நின்று, திரையில் வட்டம் மட்டும் சுழன்றது.

கேட் 6 என்ற வகை லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்குமாதலால், முகப்பிலிருந்து பின்கட்டு வரை பெரும்பாலும் ஒரே இழுப்பில் போய்விடும். எச்டி பதிவு ஒன்றுக்கு நொடிக்கு 20 மெகாபிட் அளவே தேவைப்படுவதால் 100 மெகாபிட் போர்ட்டே (கேபிளைச் செருகும் துளை) தாராளம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய சுவரைத் துளைத்தால் அதே பூச்சை மீண்டும் பெறுவது அரிது என்பதால், கேபிளை வளவின் உத்தரத்தை ஒட்டி, மின்கம்பியிலிருந்து சற்று விலக்கி இழுப்பதே நல்லது. அந்த ஒரு நாள் உழைப்புக்காகத் தயங்காமல் கேபிளையே தேர்ந்தெடுங்கள் என்பேன். பிளேயர் அடுத்த அறையிலேயே இருந்தால் மட்டும் வைஃபை போதும்.