முசாரா, ஹசீதமா? குணத்தைத் திருத்த இரண்டு யூத வழிகள்

முன்கோபக்காரர் ஒருவர் திருந்த நினைக்கிறார். கிழக்கு ஐரோப்பிய யூத மரபில் அவருக்கு இரண்டு வழிகள் உண்டு.

லித்துவேனியாவில் ரப்பி (யூத மதகுரு) இஸ்ரேல் சலாந்தர் (1810–1883) தொடங்கிய முசார் இயக்கம் நேரே குணத்தைப் பிடிக்கும். மெனாகெம் மெண்டல் லெஃபின் எழுதி, அந்த இயக்கம் பரப்பிய கையேடு ஒன்றில் 13 நற்குணங்கள் உண்டு. வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. தினமும் சறுக்கல்களைக் கட்டம் போட்ட தாளில் குறிக்க வேண்டும். முசாரின் ஒரு கிளையான நோவர்தோக் பள்ளி மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஏளனத்தைத் தாங்கிப் பழக, மருந்துக்கடையில் போய் ஆணி கேட்பார்கள்! பிறர் பேச்சுக்கு அஞ்சுபவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பால் ஷெம் தோவ் (மறைவு 1760) என்ற குரு வழிவந்த பக்தி இயக்கமான ஹசீதம் குறையையே பார்த்துக்கொண்டிருக்க விடாது. சோர்வு கடவுளிடமிருந்து பிரிக்கும், மகிழ்ச்சி சேர்க்கும் என்பது அதன் உறுதி. அதற்காக உழைப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹசீத குரு லியாதியின் ஷ்னியூர் சல்மான் 1796-ல் வெளியிட்ட ‘தன்யா’ நூல் காட்டும் நடுநிலை மனிதருக்கு உள்ளே தீய உந்துதல் ஓயாது. ஆனால் அது சொல்லாகவோ செயலாகவோ வெளிவர அவர் விடமாட்டார். கோபம் எழுவதே தோல்வியல்ல என்ற இந்த ஆறுதல், தன்னையே வெறுத்துக்கொள்பவருக்கு மருந்து.

சரி, எதை எடுப்பது? சோம்பேறிக்கு முசார், மனம் நொந்தவருக்கு ஹசீதம் என்பேன். வார்சாவில் வாழ்ந்த பியாசெச்னோ ரெப்பே கலோனிமஸ் கல்மான் ஷபிரா ஹசீதத் தலைவர்தான். ஆனாலும் மாணவர்களுக்காக அவர் எழுதியவற்றில் இரண்டுமே இருக்கின்றன.