மூன்று நாளில் மீன் விடலாம் என்றார், இரண்டு மாதச் சம்பளம் போயிற்று: ஓர் எச்சரிக்கைப் பதிவு

நேற்று மாலை கடைசியாக மிதந்த மீன்களை அள்ளிக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்த கையோடு இதை எழுதுகிறேன். அறுபது குஞ்சுகளில் மிஞ்சியவை ஐந்து. வீட்டுக் கொல்லையில் அக்வாபோனிக்ஸ் அமைத்து, மீன் வளரும் நீரிலேயே கீரையும் வளர்க்கலாம் என்று ஆசைப்படுகிற புதியவர் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு நாள் தாமதித்தால்கூடப் போதும். விற்றவரின் பெயரையோ அவர் விற்கும் தளத்தின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. தொட்டி முதல் மீன்குஞ்சு வரை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்று, கூடவே காணொளிப் பயிற்சியும் தருவதாகச் சொல்லும் இணையக் கடை என்ற அளவில் தெரிந்துகொண்டால் போதும். அந்தத் தொகுப்புக்கு நான் கொடுத்தது என் இரண்டு மாதச் சம்பளம்.

நானே கட்டுவதாகத்தான் முதலில் இருந்தேன். திரவச் சரக்கு ஏற்றப் பயன்படும், கம்பிக்கூண்டுக்குள் இருக்கும் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி (ஐபிசி) ஒன்றை வாங்கி, மேல்பகுதியை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அதையே செடிப் படுகையாகவும் கீழ்ப்பகுதியை மீன்தொட்டியாகவும் வைக்கிற முறை எல்லோரும் செய்வதுதான். ஆனால் பெல் சைஃபன் என்ற ஒன்றை நினைத்தாலே எனக்குக் கை நடுங்கியது. படுகை நிரம்பியதும் தானாக வடிந்து, வடிந்ததும் தானாக நிற்க வேண்டிய அந்தக் குழாய் அமைப்பைப் படம் பார்த்துச் செய்ய முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டு, அந்தக் கடைக்கு அழைத்தேன். இந்தத் தயக்கம்தான் அவருடைய முதலீடு என்பது இப்போது புரிகிறது.

அவர் உடனே காணொளி அழைப்பில் வந்தார். கைப்பேசியைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, கையை நீருக்குள் விட்டார். திலாப்பியாக்கள் கூட்டமாக வந்து அவருடைய விரல்நுனியைக் கொத்தின. பின்னால் படுகை குளுகுளுவென்ற ஓசையோடு வடிந்து அடங்கியது. “பாருங்க சார், சைஃபனை நீங்க திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்” என்றார். மீன் கழிவின் நஞ்சை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று படித்திருக்கிறேனே என்று கேட்டேன். சிரித்தார். “அதெல்லாம் பழைய கதை சார். நம்ம பொடியைக் கரைச்சு விட்டா மூணே நாள், மீனை விட்டுடலாம்.” படித்ததை விட்டுவிட்டு, அந்தச் சிரிப்பை நம்பினேன். அன்று இரவே முழுத் தொகையையும் முன்பணமாக அனுப்பினேன். அவர் காட்டிய தொட்டியின் கூழாங்கற்கள் பழுப்பேறி வழவழவென்றிருந்ததை, பல மாதம் ஓடிய தொட்டி அது என்பதை, நான் கவனித்தும் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

பெட்டிகள் வந்தன. ஐந்நூறு லிட்டர் தொட்டியிலும் படுகையிலும் குறை சொல்ல எதுவுமில்லை. பம்பின் மேல் மணிக்கு 2000 லிட்டர் என்று அச்சிட்டிருந்தது. அது நீரை ஒரே மட்டத்தில் தள்ளும்போது கிடைக்கும் அளவு என்றும், உயரம் கூடக் கூட வரத்து குறையும் என்றும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் படுகைக்கு ஏறிய நீரைப் பத்து லிட்டர் வாளியில் பிடித்துப் பார்த்தபோது வாளி நிரம்ப இரண்டு நிமிடம் ஆயிற்று. அதாவது மணிக்கு 300 லிட்டர். தொட்டி நீர் முழுவதும் மணிக்கு ஒரு முறையாவது சுற்றி வர வேண்டிய அமைப்பில் இது பாதிக்குச் சற்று மேல்தான். விளைவு, அவர் பெருமையடித்த சைஃபன் ஒருநாளும் இழுக்கவில்லை. வரும் நீர் நடுக்குழாயின் வாயில் சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டே இருக்க, படுகை வடிவதே இல்லை, வேர்களுக்குக் காற்றும் இல்லை.

கற்களின் கதை இதைவிட மோசம். சுட்ட களிமண் உருண்டைகள் என்று பட்டியலில் இருந்த இடத்தில் வெள்ளைச் சரளைக்கல் வந்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு கிண்ணத்தில் நாலு கல்லைப் போட்டு வினிகரை ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக்கல். அது கரையக் கரைய நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, ஏறும். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டிய என் தொட்டி 8.2-இல் நின்றது. பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால், நீரிலுள்ள அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு செடி உண்ணும் நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டிய பாக்டீரியாவோ அந்தப் பொடியில் இருந்திருக்க வாய்ப்பே குறைவு. அந்த வகைப் பாக்டீரியாக்கள் வறட்சியைத் தாங்கும் உறைவித்துகளை (ஸ்போர்) உண்டாக்காதவை, எனவே பொடியாக உலர்த்தி மாதக்கணக்கில் வைத்திருந்தால் பிழைப்பது அரிது. பையில் தயாரிப்புத் தேதிகூட இல்லை.

இப்போது நாள்கணக்கைப் பாருங்கள், என் ஆத்திரமெல்லாம் இதில்தான் இருக்கிறது. பெட்டி வந்த மூன்றாம் நாள், அவர் சொன்னபடியே, ஆக்ஸிஜன் நிரப்பிய பையில் வந்த குஞ்சுகளை விட்டேன். ஏழாம் நாள் பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்தது. அதுவரை நீர் பளிங்கு போல இருந்தது, மீன்கள் துள்ளின, நான் அவருக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருந்தேன். அம்மோனியா சேர நாள் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பதினோராம் நாள் விடியற்காலை மீன்கள் அத்தனையும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தன. ஒளி பட்டதும் ஓடி ஒளியும் குஞ்சுகள் என் டார்ச் வெளிச்சத்தில் அசையவே இல்லை. நண்பகலுக்குள் பதினான்கு செத்து மிதந்தன. அவசரமாக வாங்கி வந்த சோதனைக் குப்பி அம்மோனியா 4 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராம், என்றது.

அழைத்தேன். பயணக் களைப்பு என்றார். எட்டு நாளாக நீந்திய மீனுக்கு என்ன பயணக் களைப்பு? பாதி நீரை உடனே மாற்றுங்கள் என்றார், மாற்றினேன். குழாய் நீரில் குளோரின் இருக்கும், அதை ஒரு நாளாவது காற்றோட்டத்தில் வைக்க வேண்டும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அதுவும் போதாது என்ற ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. அன்றிரவு மேலும் இருபதுக்கு மேல் போயின. மறுநாள், தீனியை அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று பழி என்மேல் திரும்பியது. நாளுக்கு மூன்று வேளை என்று அவர் அனுப்பிய தாளையே படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான குறி விழுந்தது, பதில் விழவில்லை. பிறகு தொழில்நுட்பக் குழு அழைக்கும் என்றார், அந்தக் குழுவை நான் இன்றுவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். தளத்தில் புகார் கொடுத்தால், கெடு முடிந்துவிட்டது, தவிரவும் உயிருள்ளவற்றுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி வந்தது. அதன் கீழேயே எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று ஒரு கேள்வி. இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கியவர் கடைசியாகச் செய்த உபகாரம், இன்னொரு பை பொடியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வரிசையாக எல்லாவற்றையும் எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கல்லை வாங்குமுன் வினிகரில் போட்டுப் பாருங்கள். பம்பின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள், உங்கள் உயரத்தில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள், வந்த அன்றே வாளி வைத்து அளந்துவிடுங்கள். மீனுக்கு முன்னால் சோதனைக் குப்பியை வாங்குங்கள். மீன் இல்லாமலே சிறிது அம்மோனியா சேர்த்துத் தொட்டியை ஓட்டுங்கள். சேர்த்த அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூச்சியத்துக்கு இறங்கி, நைட்ரேட் மட்டும் நிற்கும் வரை ஒரு குஞ்சைக்கூட விடாதீர்கள். தெரிந்தவர் யாரிடமாவது ஓடுகிற தொட்டி இருந்தால் ஒரு கைப்பிடிப் பழைய கல்லைக் கேட்டு வாங்குங்கள், எந்தப் பொடியையும்விட அது மேல். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

மிஞ்சிய ஐந்தும் இப்போது குளியலறை டப்பில், நீரில் காற்றுக்குமிழி விடும் ஒரு ஏர் ஸ்டோன் துணையோடு இருக்கின்றன. இன்று காலை அவருடைய புதிய காணொளி ஒன்று கண்ணில் பட்டது. அதே தொட்டி, மடித்துவிட்ட அதே சட்டைக் கை. மீன்கள் செத்த பிறகு நான் எழுதிய மதிப்புரையைக் காணவில்லை, முதல் வாரத்தில் நான் கொடுத்த ஐந்து நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.